அட்டை வயிற்றில் காட்டின் கணக்கு

அட்டையைப் பிடித்து மெத்தையில் கிடத்தினாலும் அது செத்தையைத்தான் நாடும் என்று பழமொழி பழிக்கிறது. செத்தையை விட்டு அதிகம் நகராத அந்தக் குணமே இன்று விஞ்ஞானத்துக்குப் பயன்படுகிறது. அட்டை எங்கே அகப்பட்டதோ, அதன் சுற்றுவட்டாரத்தில்தான் அது இரத்தம் குடித்த விலங்கும் நடமாடியிருக்க வேண்டும்.

குடித்த இரத்தத்தை அட்டை அவசரப்பட்டு ஜீரணிப்பதில்லை. ஆட்டு இரத்தம் ஊட்டிய அட்டைகளில் நான்கு மாதம் கழிந்தும் ஆட்டின் டி.என்.ஏ. அழியாதிருந்தது. இதை 2012-ல் வெளியிட்ட கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வியட்நாமின் அன்னாமைட் மலைக்காட்டு அட்டைகள் 25-ஐயும் சோதித்தனர். 21-ல் பாலூட்டி விலங்குகளின் தடயம் இருந்தது. காமிராவுக்கு எளிதில் அகப்படாத வரிமுயலும் அவற்றில் ஒன்று.

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 677 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஐலாவோஷான் காட்டில் இம்முறை பெரிய அளவில் கையாளப்பட்டது. 163 வனக் காவலர்கள் வழக்கமான ரோந்தின்போதே 30,468 அட்டைகளைச் சேகரித்துக் கொடுத்தனர். 86 வகை முதுகெலும்புள்ள பிராணிகள் தெரிய வந்ததாக 2022-ல் வெளியான அறிக்கை கூறுகிறது. உயரமான உட்பகுதியில் காட்டு விலங்குகளும், தாழ்ந்த ஓரப்பகுதியில் மாடும் ஆடும் அதிகம் தென்பட்டன. ஓரத்துக் காடு காடாக இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் நாட்டில் 2018-ம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்புக்கு 26,838 இடங்களில் காமிரா வைத்து, சுமார் மூன்றரைக் கோடிப் படங்கள் எடுக்கப்பட்டன. பாராட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் புலிக்குக் கிடைக்கும் கவனம் புனுகுப்பூனைக்குக் கிடைப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் புனுகுப்பூனை அழிந்துவிட்டதாகவே அஞ்சப்பட்டது. 1987-ல் மலப்புரம் மாவட்டத்தில் தோல்கள் கிடைத்த பிறகே மறுபடி நம்பிக்கை பிறந்தது. உயிருள்ள ஒன்றைத் தேடும் வேலை இன்னும் முடியவில்லை. அந்த மலைகளில் அட்டைக்கா பஞ்சம்? குடகிலோ வால்பாறையிலோ மழைக்காலத்தில் தோட்ட வேலை செய்தவர்களுக்கு அட்டையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. இன்ன விலங்கு இருக்கிறது என்று அட்டை சொல்லும்; எத்தனை என்று சொல்லாது. கோடையில் ஆள் அகப்படாது. தடயம் கிடைக்காததாலேயே விலங்கு இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. ஆகவே காமிராவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; அதற்குத் துணையாக இதைக் கொள்ளலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் இது அவசியமாகிறது. காட்டின் குறுக்கே சாலையோ அணையோ போட அனுமதி கேட்கும்போது, அங்கே அரிய விலங்கு ஏதும் இல்லை என்று ஒரு வரி எழுதிவிடுவது எளிது. சில நாள் சுற்றிப் பார்த்து எழுதப்படும் அந்த வரியை நம்பி மரங்கள் விழுகின்றன. ஒரு பருவமழைக் காலம் முழுவதும் அட்டை சேகரித்துச் சோதித்த பிறகே கோப்பில் கையெழுத்து விழ வேண்டும் என்று விதி செய்தால் என்ன? சில மாதத் தாமதத்தால் குடி முழுகிவிடாது. போன விலங்கோ திரும்பாது. அரிய பிராணி இருக்குமிடம் வேட்டைக்காரர் காதுக்கு எட்டாமல் முடிவுகளைக் காப்பதும் அரசின் பொறுப்பு.

இந்த வேலை யார் தலையில் விழும் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். கட்டுரையில் பெயர் வருவது விஞ்ஞானிக்கு. கடி வாங்குவது காவலரின் கால். பல மாநிலங்களில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் வருடக்கணக்கில் தற்காலிக ஊழியர்களாகவே காலம் தள்ளுகிறார்கள். குப்பியைக் கையில் கொடுத்து, "போகிற வழியில் இதையும் பிடித்து வா" என்று அனுப்புவது நியாயமில்லை. இந்த வேலைக்கென்று தனிப் படியும், காலுக்கு நல்ல உறையும் முதலில் கொடுக்கட்டும்.