டர்ஃப் விற்பவர் மண்ணையும் பார்க்க வேண்டும்

கட்டுமானப் பொருள் வணிகத்தில் கடந்த சில ஆண்டுகளில் புதிதாக நுழைந்து நல்ல இடம் பிடித்துவிட்ட சரக்கு, டர்ஃப் என்று எல்லோரும் சொல்லும் செயற்கைப் புல். 1966-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், கூரை போட்ட விளையாட்டரங்குக்குள் இயற்கைப் புல் பிழைக்காததால் விரிக்கப்பட்ட பொருள் இது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கிக்கு வந்தது. (அந்த ஆண்டு நம் அணி ஏழாவது இடத்துக்கு இறங்கியதை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.) இன்று சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகங்கள் பிள்ளைகள் விளையாட இதைக் கேட்கின்றன. வரவேற்க வேண்டிய வியாபாரம்தான். ஆனால் அதை நாம் விற்கும் முறை சரியில்லை என்பது என் கருத்து.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கடைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சதுர அடி என்ன விலை?" நாமும் உடனே ஒரு விலை சொல்லிவிடுகிறோம். மேலே விரிக்கும் பாய்க்கு அப்படி விலை சொல்லலாம். கீழே உள்ள மண்ணைப் பார்க்காமல் தளத்துக்கு விலை சொல்ல முடியுமா?

சென்னையிலேயே திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மணல். அண்ணா நகர், கொளத்தூர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். கோவையின் பல பகுதிகளிலும் விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களிலும் கரிசல். மணலில் விழுந்த தண்ணீர் இறங்கிவிடும். களிமண்ணில் ஓர் அடி தோண்டி ஜல்லி நிரப்பினால், நாம் கட்டியது மைதானம் அல்ல, தொட்டி. பாயில் உள்ள துளைகள் வழியாக மழைநீர் ஜல்லிக்குள் இறங்கும். அதற்கு மேல் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். ஈரம் பட்ட களிமண் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதிலும் நடுப்பகுதி ஈரம் காத்து நிற்க, ஓரங்கள்தான் முதலில் காய்ந்து இறங்கும், மழையில் முதலில் எழும்பும். பாய் ஒட்டிய இணைப்புகள் பிரிவதும், பந்து ஒரு பக்கமாக உருள்வதும், பிள்ளைகள் தடுக்கி விழுவதும் அதனால்தான். கம்பி கட்டாத மெல்லிய கான்கிரீட் போட்டு அதன் மேல் விரித்தாலும் இதே கதைதான்.

மண்ணின் குணத்தை அறிய பெரிய செலவு தேவையில்லை. உலர்த்திச் சலித்த மண் பத்து பத்து கிராம் எடுத்து, ஒன்றை அளவுக் குழாயில் மண்ணெண்ணெயிலும் மற்றொன்றைக் காய்ச்சி வடித்த நீரிலும் போட்டு ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, தண்ணீரில் உப்பும். முதலாவது 10 மில்லி, இரண்டாவது 16 மில்லி என்று நின்றால் உப்புதல் 60 சதவீதம். 50-ஐத் தாண்டிய மண்ணில் சாதாரண அடித்தளம் போதாது என்று எச்சரிக்கை கொள்ள வேண்டும். இது இந்திய தர நிர்ணயத்தில் உள்ள சோதனை. மண் பரிசோதனைக் கூடங்களில் செய்து தருவார்கள்.

செய்ய வேண்டிய வேலையும் பரம ரகசியமல்ல. தோண்டிய குழியின் அடியையே சரிவாக்க வேண்டும். அதன் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சில மழைக்காலங்களில் ஜல்லி களிமண்ணுக்குள் புதைந்து, களிமண் மேலே ஏறிவிடும். பிறகு ஜல்லி, அதற்குள் துளையிட்ட குழாய், அந்தக் குழாய் போய்ச் சேர ஓர் இடம். கொட்டேஷன்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்தக் கடைசி விஷயம்தான். வளாகத்தின் மழைநீர் சேகரிப்புக் குழிகளை மூடி அதன் மேலேயே டர்ஃப் விரிப்பதும் நடக்கிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான ஏற்பாடு அது. அதை மூடினால் தளமும் கெடும், சட்டமும் இடிக்கும்.

இதெல்லாம் ஒப்பந்தக்காரர் கவலை, நமக்கு என்ன என்று சில நண்பர்கள் கேட்கலாம். பணம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தளம் எழும்பியதும் குடியிருப்போர் சங்கம் பாக்கியை நிறுத்தும். ஒப்பந்தக்காரர் கையை விரிப்பார். அவருக்கு ஜல்லியும் குழாயும் பாயும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரரின் பேரேட்டில்தான் கடைசியில் அந்தத் தொகை தங்கும். தயாரிப்பாளரின் உத்தரவாதம் பெரும்பாலும் இழை உதிர்வதற்கும் நிறம் மங்குவதற்கும்தான், அடித்தளத்துக்கு அல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விற்பனையாளரின் பொறுப்பைத் தனியாகவே பேசுகிறது. தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மேல் விற்பவர் தாமாக ஓர் உத்தரவாதம் கொடுத்து, சரக்கு அதன்படி அமையாமல் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அவரும் பதில் சொல்ல வேண்டும். வழக்கைத் தாம் குடியிருக்கும் ஊரிலேயே போடவும் நுகர்வோருக்கு உரிமை உண்டு. "பத்து வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது சார்" என்று கவுண்டரில் நிற்கும் பையன் வாய் தவறிச் சொல்வதற்கு இவ்வளவு விலை இருக்கிறது.

ரப்பர் துகள்களை மொத்தமாக வாங்கி அடுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் நுண் பிளாஸ்டிக் விதியைக் கொண்டுவந்து, மைதானத்தில் தூவும் அத்தகைய துகள்களின் விற்பனையை 2031-ல் நிறுத்த முடிவெடுத்திருக்கிறது. நம் நாட்டில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் அங்கே விற்காத சரக்கு மலிவு விலையில் இங்கே வந்து குவியும் வாய்ப்பை யோசித்துக் கொள்முதல் செய்வது நல்லது. பிள்ளைகள் விளையாடும் வளாகங்களுக்குச் சலித்த மணல் நிரப்பும் குட்டை ரகப் பாயே பல நேரங்களில் போதும்.

அடித்தளத்தைச் சேர்த்து விலை சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பது நியாயமான பயம். ஒரு கடை மட்டும் செய்தால் அப்படித்தான் ஆகும். எனவேதான் சங்கம் இதில் தலையிட வேண்டும் என்கிறேன். பாய்க்கு ஒரு விலை, அடித்தளத்துக்கு ஒரு விலை என்று கொட்டேஷனைப் பிரித்து எழுதுவதையும், மண் சோதனை முடிவின் நகலை அதனுடன் இணைப்பதையும், உத்தரவாதம் எதற்கு உண்டு எதற்கு இல்லை என்று தமிழில் எழுதிக் கொடுப்பதையும் உறுப்பினர் அனைவரும் ஒரே நாளில் தொடங்கினால், வாடிக்கையாளருக்கு ஓடுவதற்கு வேறு கடை இருக்காது. களிமண் பகுதிகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தோண்டும் வேலைக்கு ஆர்டர் எடுப்பதில்லை என்றும் முடிவு செய்யலாம். மழையில் சேறாகிக் கிடக்கும் குழியில் எந்த ரோலரும் வேலை செய்யாது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.