சிறையிலிருந்து அவன் திரும்பும் நாள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் தெருவில் கூட்டம் சேர்த்த வேடிக்கைகளில் ஒன்று பஞ்ச் - ஜூடி பொம்மலாட்டம். தடியோடு வரும் பஞ்ச், மனைவி ஜூடியை மொத்து மொத்தென்று மொத்துவான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பையே சாட்சியாக நிறுத்திக் கேள்வி கேட்டது, 1878 ஏப்ரலில் ‘கன்டெம்பரரி ரிவ்யூ’ இதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர், அயர்லாந்தில் பிறந்த ஃபிரான்சஸ் பவர் கோப். தலைப்பு: ‘இங்கிலாந்தில் மனைவிச் சித்திரவதை’.

‘பெண்டாட்டியை அடிக்கிறான்’ என்றால் ஏதோ இரண்டு அறை என்று காது பழகிவிடுகிறது. கோப் அந்தச் சொல்லைத் தள்ளிவைத்தார். ஆணி பதித்த காலணியால் உதைத்தது, பார்வையைப் பறித்தது, கொன்றே போட்டது என்று செய்தித்தாள்களில் வந்த வழக்குகளை வரிசையாக வைத்தார். அடி முற்றிச் சித்திரவதையாகிறது, சித்திரவதை ஊனத்திலோ கொலையிலோ முடிகிறது என்பது அவர் கண்ட கணக்கு.

சட்டம் இல்லாமலில்லை. பெண்களையும் குழந்தைகளையும் கொடூரமாகத் தாக்குபவனுக்கு ஆறு மாதம் வரை சிறை என்று 1853-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால், அவன் உள்ளே போனால் கூலி நின்றது, பிள்ளைகள் பட்டினி. வெளியே வந்தால் நேரே அதே வீட்டுக்குத்தான் வருவான். பிறகு எந்த மனைவி துணிந்து சாட்சி சொல்வாள்? விவாகரத்தும் எட்டாக்கனி. மனைவியின் கள்ள உறவு ஒன்றே கணவனுக்குப் போதும் என்றது 1857-ம் ஆண்டுச் சட்டம். மனைவிக்கோ, கணவனின் கள்ள உறவோடு கொடுமை போன்ற இன்னொரு குற்றமும் வேண்டியிருந்தது.

மனைவியைத் தாக்குபவர்களுக்குக் கசையடி கொடுக்கலாம் என்ற யோசனையும் அப்போது இருந்தது. கோப் அதை ஏற்கவில்லை. கசையடி பட்டவன் வீடு திரும்பி யார் மேல் ஆத்திரத்தைத் தீர்ப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கேட்டவை மூன்று: பிரிந்து வாழும் உரிமை, பிள்ளைகள், ஜீவனாம்சம். பென்சான்ஸ் பிரபு அதை நாடாளுமன்றத்துக்கு எடுத்துச் சென்றார். மே மாதமே சட்டம் நிறைவேறியது. கணவன் கடுந்தாக்குதலுக்குத் தண்டிக்கப்பட்டால் மாஜிஸ்திரேட்டே பிரிவு ஆணை தரலாம். வாராந்தர ஜீவனாம்சமும், 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் மனைவிக்குக் கிடைக்கலாம்.

அந்தச் சட்டத்தில் குறைகள் இருந்தன. கள்ள உறவு நிரூபணமான மனைவிக்கு, கணவன் அதை மன்னித்திருந்தாலொழிய, ஜீவனாம்சமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கோப்பின் பார்வையிலும் கோணல் இருந்தது. பெரிய வீடுகளில் எப்போதாவது ஓர் அடிக்கு மேல் போகாது என்று நம்பி, ஏழைக் குடித்தனங்களின் மேலேயே வெளிச்சம் பாய்ச்சினார். கனத்த திரைச்சீலைக்குப் பின்னால் விழுந்த அடி செய்தித்தாளுக்கு வரவில்லை என்பதை அவர் போதுமான அளவு யோசிக்கவில்லை.

ஆனாலும், அந்தக் கட்டுரையின் பலம் இரக்கத்தோடு நின்றுவிடாததுதான். தண்டனை முடிந்து அவன் கதவைத் தட்டும் நாளில் அவள் என்ன செய்வாள் என்று அது கேட்டது. கதவைத் திறக்காமலிருக்க ஒரு காகிதமாவது அவள் கையில் இருக்கட்டும் என்றது. அந்தக் காகிதம்தான் சட்டமானது.