ஓசையில்லாத தீவு

கூடுவாஞ்சேரியில் பெருஞ்சாலையை ஒட்டிக் குடியிருக்கும் உபாத்தியாயன் நான். மோட்டார் ஹாரன் ஒலிக்காத இடம் பூலோகத்தில் உண்டா என்று தேடினேன். கச்சத்தீவு அகப்பட்டது!

இராமேசுவரத்திலிருந்து படகில் போகவேண்டும். பரப்பு 285 ஏக்கர். காரும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. ஆகையால் குடிகளும் இல்லை. 1974-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தினால் இலங்கையைச் சேர்ந்துவிட்ட அத்தீவில், வருஷம் ஒரு முறை அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரைத் தமிழரும் கூடுகிறார்கள்.

அமைதியை நாடிப் போன நான் கண்டது என்ன? "அண்ணே, மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா?" என்று விடிய விடியப் பேச்சு! கடலில் மீனுக்காகப் பிணங்கும் அதே ஜனங்கள்தாம்.

மறுநாள் படகுகள் இரு திசையாகப் பிரிந்தன. நான் தேடிய மௌனம் தீவில் குடிபுகுந்தது. நேயர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை.