கருவி மட்டும் போதுமா?

திண்டிவனத்தில் என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர், அக்காள் மகளை மணந்தவர். இரண்டு வயதாகியும் மகன் பேசவில்லையே என்று அவர் கவலைப்பட்டபோது, 'உனக்கும் பேச்சு தாமதமாகத்தான் வந்தது' என்று உறவினர்கள் தேற்றினர். குழந்தைக்குச் செவி கேட்கவில்லை என்பது மூன்றாவது வயதில்தான் தெரிய வந்தது. பரிசோதனையில் ஜிஜேபி2 என்ற மரபணுவில் பிழை இருப்பது உறுதியானது.

13-ஆவது குரோமோசோமில் உள்ள இந்த மரபணு, 'கனெக்சின் 26' என்ற புரதத்தை உருவாக்குகிறது. உயிரணுச் சவ்வில் ஆறு கனெக்சின்கள் வட்டமாகக் கூடினால் ஒரு நுண்துளை. அது அண்டை உயிரணுவின் துளையோடு பொருந்தினால் ஒரு பாதை. இப்பாதைகள் இல்லையேல் உட்செவி தன் பணியைச் செய்ய இயலாது. பிறவிச் செவித்திறன் குறைபாட்டுடன் இம்மரபணுவுக்கு உள்ள தொடர்பு 1997-இல் கண்டறியப்பட்டது. 226 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தின் உருவாக்கம் 24-ஆவது இடத்திலேயே நின்றுவிடுவதுதான், இந்தியர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் பொதுவாகக் குறைபாடு தோன்றும். இருவரும் அதைச் சுமப்பவர்கள் எனில், ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்கான வாய்ப்பு 25 சதவீதம். தாய்மாமனும் அக்காள் மகளும் மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்வதால், உறவுத் திருமணத்தில் இந்த ஆபத்து கூடுகிறது. எனினும், உறவில் மணக்காதோருக்கும் இது நேரலாம். எனவே, தாயை மட்டும் பழிப்பது அறியாமை.

இக்குறைபாட்டில் செவி நரம்பு பெரும்பாலும் பழுதின்றி இருப்பதால், காக்ளியர் கருவி நல்ல பலன் தருகிறது. பல லட்சம் ரூபாய் செலவாகும் இச்சிகிச்சையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி வழங்குவது பாராட்டுக்குரியது.

ஆனால், எந்த முதலீட்டின் பயனும் காலத்தைப் பொருத்தது. மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் முதல் சில ஆண்டுகள் கடந்துவிட்டால், அதே கருவி தரும் பலன் குறைந்துவிடும். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட நெறி. முதற்கட்டப் பரிசோதனைக்குத் தேவை சில நிமிடங்களே. 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டமும் இக்குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது.

அறுவைச் சிகிச்சையோடு செலவு முடிவதில்லை. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி தேவை. 'கருவியை அரசு தந்துவிட்டது ஐயா; பயிற்சிக்காக விழுப்புரம் போய்வரும் நாள்களின் கூலியை யார் தருவார்?' என்றார் அந்த மாணவர். ஏறத்தாழ 40 கி.மீ. பயணத்தில் இழக்கும் கூலி எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வருவதில்லை. அந்தச் சுமையால் பயிற்சி பாதியில் நின்றால், அரசு செலவிட்ட லட்சங்களும் வீணே.

பிரசவம் நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும், வீடு திரும்பும் முன்னரே குழந்தையின் செவித்திறன் பரிசோதிக்கப்பட வேண்டும். திண்டிவனம் போன்ற வட்டத் தலைநகரங்களிலேயே பேச்சுப் பயிற்சி கிடைக்க வேண்டும். உடன் வரும் பெற்றோருக்குப் பயணப்படி வழங்க வேண்டும். உறவில் மணக்க விரும்புவோருக்கு மரபியல் ஆலோசனையும் தேவை.

கருவியை வழங்கிய அரசு, குழந்தை பேசும் வரை உடன் வர வேண்டும்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).