புதிய மந்திரம்

2017இல் மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் அடிப்படை ஒரு பாடமாயிற்று. அதற்குப் பிரத்தியேக வகுப்பு நடத்துவோர் சிலர் புஞ்சாக் ஆலாமில் செய்வதென்ன? பழைய தேர்வு நிரல்களைக் கொடுத்து, பொருள் விளங்காத சுலோகம்போல் ஒப்புவிக்கச் செய்கிறார்கள். “தத்துவம் எதற்கு, மதிப்பெண் போதாதா?” என்கிறார்கள் பெற்றோர். புரோகிதரின் மந்திரத்தை எதிர்த்த நாம், பிள்ளைகளுக்குப் புது மந்திரத்தைக் காசு கொடுத்து வாங்குவதா?

ஆலன் டூரிங் 1936இல் தம் கட்டுரையை எழுதியபோது இன்றைய கணினி பிறக்கவேயில்லை. ‘கம்ப்யூட்டர்’ என்றால் அன்று கணக்குப் போடும் ஆள் என்றே பொருள். தாளும் பென்சிலுமாய் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாய்ப் பார்த்து, விதிப்படி எழுதியும் அழித்தும் நகரும் அந்த ஆளை, நம்மைப்போன்ற தோட்டத்துக் கிராணியை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அவர் இயந்திரமாகக் கற்பனை செய்தார். எவ்வியந்திரமும் தீர்க்கவொண்ணாத கணக்குகள் உண்டென்பதையும் அதைக்கொண்டே நிறுவினார்.

இதைப் போதிக்க மடிக்கணினியா வேண்டும்? கட்டம் போட்ட நோட்டும், பிள்ளை தவறுசெய்யப் பொறுத்திருக்கும் ஆசிரியருமே வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாதென்போர் தாம் கற்றதில்லை என்பதையே ஒப்புக்கொள்கிறார்கள்.

வகுப்புக்குப் பணம் கட்டும் தகப்பனார் இன்றிரவே பிள்ளையை அழைத்து, “இந்த நிரல் எங்கே நிற்கும், ஏன் நிற்கும்?” என்று கேட்டுப் பார்க்கட்டும்.