எலிங்டனின் 'பொற்காலம்' யாருடைய பொற்காலம்?

டியூக் எலிங்டனின் இசைத்தட்டுகளைக் காலவாரியாக ஒப்பிடப் புகுவோர் பெரும்பாலும் ஒரே தீர்ப்பையே ஒப்புவிக்கின்றனர். 1940 முதல் 1942 வரையிலான ஆண்டுகளே அவரது பொற்காலம். அதற்கு முந்தியவை ஆயத்தம். பிந்தியவை, ஒருசில நீங்கலாக, வெறும் தேய்வு. டபிள் பேஸ் கலைஞர் ஜிம்மி பிளான்டனும் டெனர் ஸாக்ஸபோன் கலைஞர் பென் வெப்ஸ்டரும் குழுவில் இருந்தமையால், அக்காலத்துக்கு அவ்விருவரின் பெயரையே சூட்டிப் போற்றுவாரும் உளர். இத்தீர்ப்பு பாதி உண்மை. பாதி உண்மையாக இருப்பதனாலேயே அது இத்தனை காலம் எதிர்ப்பின்றி நிலைத்துவிட்டது.

அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். 1940இல் பதிவான 'கோ-கோ'வைக் கேட்டவர் மறக்கமாட்டார். ஒரு சிறிய புளூஸ் வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் குழுவின் ஒலி மேலும் அடர்ந்து, மேலும் இருண்டு எழுகிறது. அதுவரை தாளத்தைத் தாங்கும் தூணாகவே பெரும்பாலும் நின்ற டபிள் பேஸைப் பிளான்டன் பேசவைத்தார். 1942இல், 23ஆம் வயதில், காசநோய்க்கு இரையானார். 1939இல் எலிங்டனுடன் இணைந்த பில்லி ஸ்ட்ரேஹோர்ன் என்னும் இளைஞர் 'டேக் தி ஏ ட்ரெயின்' என்ற இசையை ஆக்கித் தந்தார். இவற்றின் மேன்மையை மறுப்பவன் செவிடன்.

ஆயினும் இந்த மேன்மையை எந்த அளவுகோலால் அளக்கின்றனர்? 'மூன்று நிமிடத்துக்குள் எத்துணைச் செறிவு!' என்று வியக்கின்றனர். அந்த மூன்று நிமிடத்தை விதித்தது யார்? எலிங்டன் அல்லர். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான் கொள்ளும். கடைச்சரக்கின் அளவையே கலையின் இலக்கணமாகக் கொண்டு, அவ்வளவை மீறிய யாவற்றையும் 'நீட்டல்' என்று தள்ளுவது விமர்சனமாகுமா? 1940 நவம்பரில் வட டகோட்டா மாநிலத்து ஃபார்கோ நகரில், ஒரு நடன இரவில் எலிங்டன் குழு வாசித்ததை இரு இளைஞர்கள் கையோடு கொண்டுவந்த கருவியில் பதிந்துவைத்தனர். அங்கே அதே குழு, அதே ஆண்டில், மூச்சுவிட்டு விரிந்து வாசிக்கிறது. இசைத்தட்டில் நாம் கேட்பது குழுவின் ஒரு பகுதியை மட்டுமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பொற்காலத்தின் முடிவு 1942 என்பதையும் சற்று நோக்குவோம். அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், விற்கும் இசைத்தட்டுகளில் கலைஞருக்குப் பங்கு கோரி, ஒலிப்பதிவைப் பகிஷ்கரித்தது. எலிங்டன் வாசித்துவந்த விக்டர் கம்பனி 1944 நவம்பரில்தான் இணங்கியது. அது நியாயமான தொழிலாளர் போராட்டம். அதன்மீது நமக்குக் குறையில்லை. ஆனால் அந்த இரண்டேகால் ஆண்டும் எலிங்டன் எழுதிக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருந்தார். தட்டு வெளிவரவில்லை என்பதற்காகக் கலை நின்றுவிட்டதாகக் கணக்கெழுதியோர், ஒரு வேலைநிறுத்தத்தின் திகதியை ஒரு கலைஞனின் வாழ்க்கைக் கட்டமாக மாற்றிவிட்டனர்!

எலிங்டனைச் சிறு வடிவத்துக்குள் அடைக்கும் முயற்சி 1942இல் தொடங்கியதன்று. 1927 டிசம்பரில் அவர் நியூயோர்க்கின் கொட்டன் கிளப்பில் சேர்ந்தார். மேடையில் கறுப்பர், பார்வையாளர் வெள்ளையர் மட்டுமே. அங்கே காட்டிய ஆட்டங்களுக்கு ஏற்ப அவரது இசைக்குக் 'காட்டு இசை' என்ற பட்டம் ஒட்டப்பட்டது. பபர் மைலியின் ட்ரம்பெட் எழுப்பிய உறுமலை வந்திருந்த சீமான்கள் ஆபிரிக்க வனத்தின் ஓலமென்று இரசித்தனர். அதே மைலியுடன் சேர்ந்து ஆக்கிய 'பிளாக் அன்ட் டான் ஃபான்டஸி' என்ற 1927ஆம் ஆண்டு இசை, சவ ஊர்வல இசையின் சாயலில் முடிவதை அவர்களில் எத்தனைபேர் செவிகொடுத்துக் கேட்டனரோ!

1931இல் 'கிரியோல் ரப்சடி' தட்டின் இரு பக்கங்களை நிறைத்தது. 1935இல், தாயை இழந்த துயரில் எழுதிய 'ரெமினிஸிங் இன் டெம்போ' நான்கு பக்கங்களுக்கு நீண்டது. இங்கேதான் நாம் மிகுந்த கவனத்துடன் நோக்கவேண்டிய ஒருவர் எதிர்ப்படுகிறார். ஜோன் ஹமண்ட் பிற்போக்காளர் அல்லர். இனபேதத்தை எதிர்த்துப் போராடியவர். இடதுசாரி ஏடுகளில் எழுதியவர். பில்லி ஹொலிடே, கவுண்ட் பேஸி ஆகியோரை உலகறியச் செய்தவர். அவரே அந்த நான்கு பக்க இசையைத் தாக்கி, எலிங்டன் தம் இனத்தாரின் துன்பங்களுக்கு முகம் திருப்பிக்கொண்டார் என்று குற்றஞ்சாட்டினார். 1943இல், எலிங்டன் ஜாஸைக் கைவிடுகிறாரா என்று மீண்டும் கேட்டார்.

இக்குற்றச்சாட்டு நம் பக்கத்திலிருந்து எழுந்தது. ஆதலால் நாமே இதற்கு விடை கூறவேண்டும். ஒடுக்கப்பட்டோரின் கலை எளிமையாக, மண்வாசனையுடன், ஆடத்தக்கதாக மட்டுமே இருக்கவேண்டும் என்று கோருபவர், கொட்டன் கிளப்பின் சீமானிடமிருந்து எவ்வகையில் வேறுபடுகிறார்? அவன் கேளிக்கைக்காகக் கேட்டான். இவர் கொள்கைக்காகக் கேட்கிறார். எல்லை என்னவோ ஒன்றுதான். பெருவணிகக் குடும்பத்தில் பிறந்த ஒரு வெள்ளையர், கறுப்பினத்தவரின் உண்மையான குரல் எதுவென்று ஒரு கறுப்புக் கலைஞனுக்குப் பாடம் புகட்டியதில் உள்ள விந்தையை ஹமண்ட் உணர்ந்ததாகத் தெரியவில்லை. முகம் திருப்பிக்கொண்டவராகக் கூறப்பட்ட அதே எலிங்டன்தான் 1941இல் லொஸ் ஏஞ்சல்ஸில் 'ஜம்ப் ஃபோர் ஜோய்' என்னும் மேடை நிகழ்ச்சியில், கறுப்பரைக் கோமாளிகளாகக் காட்டும் வழக்கத்தை எள்ளி நகையாடினார்.

இனி ஒரே இசையை இரு காலங்களில் வைத்துப் பார்ப்போம். 'டிமினுவென்டோ அன்ட் கிரஷென்டோ இன் புளூ' 1937இல் ஒரு தட்டின் இரு பக்கங்களாக வெளிவந்தது. முதற்பகுதி முடிந்ததும் தட்டைத் திருப்பவேண்டும். அவ்விடத்தில் இசையின் முதுகெலும்பே முறிகிறது. 1956 ஜூலையில் நியூபோர்ட் விழாவில் அவ்விரு பகுதிகளுக்கும் நடுவே போல் கொன்சால்வஸ் தமது டெனர் ஸாக்ஸபோனில் 27 சுற்றுகள் வாசித்தார். சபையோர் எழுந்து ஆடினர். முன்பு முறிவு இருந்த இடத்தில் இப்போது பாலம். அந்தப் பாலமே இசையின் உச்சம். இதனைத் தேய்வு என்பதா? அன்று வெளியான நீள்தட்டின் கணிசமான பகுதி பின்னர் கலையகத்தில் மறுபடி வாசிக்கப்பட்டது என்பதும், முழு இரவின் உண்மையான பதிவு 1999இல்தான் வெளிவந்தது என்பதும் வேறு கதை. தட்டை நம்பித் தீர்ப்பெழுதுவோர் அதையும் மனத்திற் கொள்வது நன்று.

பிற்கால இசைத்தட்டுகள் யாவும் சிறந்தவை என்று நாம் வாதிடவில்லை. 1964இல் 'மேரி பொப்பின்ஸ்' படப்பாடல்களையும், அடுத்து பீட்டில்ஸ் பாடல்களையும் குழு வாசித்த தட்டுகள் உண்டு; அவை சந்தைக்கு இறுத்த திறையேயன்றி வேறல்ல. ஆனால் அதே சந்தை 1930களிலும் அவரிடம் திறை வாங்கியது. அக்காலத்துச் சாதாரணத் தட்டுகளை நாம் மறந்துவிட்டோம், அவ்வளவே. இன்னொருபுறம், 1963இல் அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் அவரது குழுவை மேற்காசியாவுக்கும் தென்னாசியாவுக்கும் அனுப்பியது. அக்குழு இலங்கைக்கும் வந்தது. பேர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டுவெடித்து நான்கு கறுப்புச் சிறுமியர் மாண்ட அதே செப்டெம்பரில் தன் நாட்டின் நல்லெண்ணத் தூதராக அவரை ஊரூராக அனுப்பிய அரசின் நோக்கம் நமக்குப் புரியாததன்று. எனினும் அப்பயணத்தின் நினைவுகளிலிருந்து பெரும்பாலும் பிறந்து 1966 டிசம்பரில் பதிவான 'ஃபார் ஈஸ்ட் ஸூட்' எந்தத் திணைக்களத்துக்கும் கட்டுப்பட்டதன்று. அதில் ஜொனி ஹொட்ஜஸ் வாசிக்கும் 'இஸ்ஃபஹான்' 1940ஆம் ஆண்டின் எந்தத் தட்டுக்கும் அஞ்சி ஒதுங்கவேண்டியதில்லை.

இவை யாவற்றினும் பெரிய வழக்கு 'பிளாக், பிரவுன் அன்ட் பேஜ்'. அமெரிக்கக் கறுப்பரின் வரலாற்றை, அடிமை உழைப்பின் பாடல் தொடங்கி ஹார்லம் வரை, முக்கால் மணிநேர இசையில் சொல்ல முனைந்த ஆக்கம் அது. 1943 ஜனவரி 23ஆம் திகதி கார்னகி மண்டபத்தில், சோவியத் மக்களின் யுத்த நிவாரணத்துக்காக அரங்கேறியது. செவ்வியல் இசை விமர்சகர் உருவமில்லை என்றனர்; ஜாஸ் விமர்சகர் ஜாஸ் இல்லை என்றனர். எலிங்டன் மனமுடைந்து, அதனை முழுமையாக வாசிப்பதை விரைவிலேயே நிறுத்தினார். 1944இல் விக்டர் கம்பனி சில துண்டுகளை மட்டும் பதிந்தது. 1958இல் மஹலியா ஜாக்ஸனின் குரலுடன் வெளிவந்த நீள்தட்டு முதற் பகுதியின் பொருளையே மையமாகக் கொண்டது. அதைக் கேட்டு மூலத்தை எடைபோட்டவர் எத்தனைபேர்! அந்த ஜனவரி இரவின் ஒலிப்பதிவு பொதுமக்கள் கைக்குத் தட்டாக வந்தது 1977இல். எலிங்டன் மறைந்து அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.