நலிந்து ஒலிக்கும் தந்தி

பொட்டிபுரத்துக்கும் இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்துக்கும் தொலைவு அதிகமில்லை. 1976இல் ‘அன்னக்கிளி’ வழியே அறிமுகமான அவருடைய பாடல்களில் பேஸ் கிட்டாருக்குத் தனி நடை உண்டு. பங்குப் பாடற்குழுக்கள் சிலவற்றிலும் அக்கருவி இடம்பெற்றுள்ளது.

அதன் நான்கு தந்திகளில் ஒன்று மட்டும் நலிந்து ஒலித்தால், உடனே கருவியைக் குறை கூற வேண்டா. முதலில் தந்தியை மாற்றிப் பாருங்கள். விரல் வியர்வையும் மலைச்சாரலின் ஈரமும் சுற்றுக்கம்பியின் இடுக்கில் படிந்து ஓசையை மழுக்கிவிடும். வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைப்பதற்கு எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது?

புதுத் தந்தியும் நலிந்தே ஒலித்தால், தந்திகளுக்கு அடியிலுள்ள ‘பிக்கப்’பைக் கவனியுங்கள். எஃகுத் தந்தி அதிரும்போது அங்குள்ள காந்தப்புலம் அசைந்து, கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. தந்தி காந்தத்துக்கு எட்ட இருப்பின் ஒலி குன்றும். அப்பக்கத்துத் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பிக்கப்பை உயர்த்துங்கள். மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியையே கெடுக்கும்.

‘ஜி’ தந்தி 5ஆம் ஃபிரெட்டின் அருகில் மட்டும் விரைவில் அடங்குகிறதா? அது கழுத்து மரத்தின் இயல்பு. மரம் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. திருகாணியால் தீராது. அதே சுரம் ‘டி’ தந்தியின் 10ஆம் ஃபிரெட்டில் கிடைக்கும்.